கேமை வேறு டிரைவுக்கு மாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, அவசரமாக ஒரு உதவி.

சி டிரைவ் நிரம்பிவிட்டதால் புது எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) போட்டிருக்கிறேன். 90 ஜிபி கேம் ஒன்றை அதற்கு மாற்ற வேண்டும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியது என்றால் கேமின் ப்ராப்பர்டீஸில் போய் டிரைவை மாற்றினால் போதும், அதுவே நகர்த்திவிடும். நான் வாங்கிய கடையின் லாஞ்சரில் (கேமை இறக்கித் திறக்கும் ஆப்) அப்படி ஒரு பட்டனே இல்லை. கேட்டு எழுதினால், "அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்யுங்கள்" என்று பதில் வருகிறது. வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. கணக்குப் போட்டால் ஒன்றரை மாதம்! முழுக் காசு கொடுத்து வாங்கியவருக்கு இந்தச் சின்ன வசதிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபமாக இருக்கிறது.

ஒரு வழி கேள்விப்பட்டேன். பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, புது டிரைவில் இன்ஸ்டால் ஆரம்பித்து, கொஞ்சம் இறங்கியதும் நிறுத்தி, பழைய ஃபைல்களை அங்கே காப்பி செய்து தொடர வேண்டுமாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களை லாஞ்சர் சரிபார்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் இறக்குமாம். யாராவது செய்து பார்த்தீர்களா? இல்லை, பழைய இடத்தில் புது டிரைவுக்கு ஓர் இணைப்பு வைக்கும் விண்டோஸின் எம்கேலிங்க் கட்டளையே பாதுகாப்பானதா? அப்டேட் வரும்போது தகராறு செய்யுமா?

இதுவரை ஆடியதைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைல்தான் பெரிய பயம். இந்த கேமுக்கு க்ளவுட் சேவ் (இணையத்தில் சேமிக்கும் வசதி) கிடையாது. டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா என்ற இரண்டு ஃபோல்டர்களிலும் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. வேறு எங்கே இருக்கும்? தம்பியும் நானும் சேர்ந்து ஆடியது, அது போய்விடக் கூடாது. தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் இன்னும் நல்லது.