5 லிட்டர் ஏலுக்கு எத்தனை ஈஸ்ட்?

*வெள்ளி இரவு*

நான்: நாளைக் காலை அடுப்பு ஏற்றுகிறேன். வீட்டில் காய்ச்சும் பீருக்கான போட்டிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இந்த முறை 5 லிட்டர் மட்டும், ஸ்ட்ராங் ஏல், அதாவது ஆல்கஹால் கூடிய பீர் வகை. 2.5 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி). பெரும்பகுதி மாரிஸ் ஓட்டர் என்ற வெளிர் மால்ட், நிறத்துக்குக் கொஞ்சம் கிரிஸ்டல் என்ற வறுத்த மால்ட். தொடக்க அடர்த்தி (புளிக்கும் முன், தண்ணீரை 1.000 என்று வைத்து) 1.090 வர வேண்டும்.

மாமா: 5 லிட்டருக்கு இரண்டரை கிலோவா? சாதாரண பீருக்கு ஒரு கிலோ போதும் என்றாயே மாப்பிள்ளை?

நான்: ஆமாம் மாமா. தானியம் கூடினால் அதிலுள்ள சர்க்கரை முழுவதும் தண்ணீரில் இறங்காது. சாதாரண பீரில் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடலாம். இதில் 60 கிடைத்தாலே நல்லது. அதற்குத்தான் கூடுதல்.

அக்கா: ஈஸ்ட் எவ்வளவு வைத்திருக்கிறாய்?

நான்: ஒரு பாக்கெட், 11.5 கிராம். வழக்கமாக 20 லிட்டருக்கே ஒன்றுதான் போடுவேன்.

அக்கா: போதாது டா. லிட்டரை மட்டும் பார்க்காதே, சர்க்கரையையும் பார். கனமான ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளாட்டோ டிகிரிக்கு (கரைந்த சர்க்கரையின் சதவீதம்), 10 லட்சம் செல் வேண்டும். 1.090 என்றால் 21.5 பிளாட்டோ. 5,000 மில்லிக்குக் கணக்குப் போட்டால் 10,750 கோடி. உலர் ஈஸ்டில் ஒரு கிராமுக்கு 600 கோடி என்று வைத்துக்கொள். உன் பாக்கெட்டில் 6,900 கோடிதான்.

சித்தப்பா: நான் ஒரே பாக்கெட்டில் இதைச் செய்திருக்கிறேன் அம்மா. புளித்தது, முடிந்தது.

அக்கா: முடியும் சித்தப்பா. ஆனால் ஈஸ்ட் குறைவாக இருந்தால் அது முதலில் நிறையப் பெருக வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் சூடும் கூடிவிட்டால் தொண்டையைச் சுடுகிற கனத்த ஆல்கஹால்கள் வந்துவிடும். கடைசியில் களைத்துப்போய்ப் பாதியிலேயே நிற்கவும் வாய்ப்பு உண்டு. போன வருடம் தம்பிக்கு நடுவர் என்ன எழுதினார்?

நான்: "நெயில் பாலிஷ் நீக்கியின் வாடை, காரமான ஆல்கஹால்". 50க்கு 23. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வாளி 27 டிகிரியில் இருந்தது, எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

சித்தப்பா: அப்படியானால் அக்கா சொல்வதைக் கேள். என்னுடையது நிலவறையில் இருந்தது, 17 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. குளிர்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது, இப்போதுதான் புரிகிறது.

நான்: சரி. இன்னொன்று வாங்கி ஒன்றரை பாக்கெட் போடுகிறேன். வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உறையவைத்த பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டு 18இல் பிடிக்கிறேன்.

அக்கா: முதல் மூன்று நாள் விடாதே. சுவையைக் கெடுக்கிறதெல்லாம் அப்போதுதான் உண்டாகும். அப்புறம் 20, 21 போனால் பரவாயில்லை, முடிப்பதற்கு அது உதவும்.

*சனி*

நான்: 10 லிட்டர் தண்ணீர், துணிப்பையில் தானியம், 65 டிகிரியில் 90 நிமிடம்.

மாமா: 65 என்ன கணக்கு?

நான்: அதற்கு மேலே போனால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகமாகும். இந்த ஏலில் இனிப்பு எப்படியும் மிஞ்சும், நாமும் சேர்த்துவிட்டால் பாகு மாதிரி ஆகிவிடும்.

நான்: இரண்டு மணி நேரம் கொதித்தது. கசப்புக்கு ஹாப்ஸ் பூ 16 கிராம் (கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 10 சதவீதம்), கடைசி ஒரு மணி நேரத்துக்கு. கசப்பு 50 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு) பக்கம் வரும். வாளியில் 5 லிட்டர், அடர்த்தி 1.090. சொன்ன இடத்திலேயே வந்து நின்றது!

சித்தப்பா: அருமை. ஆறியதும் நன்றாகக் குலுக்கிக் காற்று ஏற்று. ஈஸ்ட் வேலையை ஆரம்பித்த பிறகு காற்றே படக்கூடாது.

*செவ்வாய்*

நான்: 18.5. நுரை மூடிவரை ஏறிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பாட்டில் மாற்றினேன். வாழைப்பழம் மாதிரி லேசான மணம், கார வாடை துளியும் இல்லை.

அக்கா: நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் டா.

*12ஆம் நாள்*

நான்: நின்றுவிட்டது. ரிஃப்ராக்டோமீட்டரில் 12 பிரிக்ஸ் (பிளாட்டோ மாதிரியே சர்க்கரை அளவு). அதாவது 1.048. மூன்று நாளாக அசையவே இல்லை. மீதி ஈஸ்டையும் போட்டுவிடட்டுமா?

சித்தப்பா: வாளியைத் திறக்காதே! ஹைட்ரோமீட்டரில், அந்த மிதக்கும் அளவுகோலில், பார்த்தாயா?

நான்: இல்லை. அதற்கு 100 மில்லி வீணாகும், இருப்பதே 5 லிட்டர்.

அக்கா: அந்த 100 மில்லியைக் கொடு. ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதைத்தான் அளக்கிறது. சர்க்கரையும் ஒளியை வளைக்கும், ஆல்கஹாலும் வளைக்கும். கொதிக்கிற அன்று அது காட்டுவது சரி. புளித்த பிறகு திருத்தம் செய்யாமல் அந்த எண்ணை நம்பக்கூடாது. தொடக்கம் 21.5, இப்போது 12 என்றால் உண்மையில் 1.026 பக்கம் இருக்கும்.

நான்: ஹைட்ரோமீட்டர் 1.026! அக்கா, மூச்சு வந்தது.

மாமா: மாப்பிள்ளை, மீதி ஈஸ்டைப் போட்டிருந்தால்?

நான்: பெரிதாக எதுவும் ஆகியிருக்காது மாமா, ஆனால் மூடியைத் திறந்து காற்றை உள்ளே விட்டிருப்பேன். மாதக்கணக்கில் வைத்திருக்கிற ஏலில் அது ஈர அட்டை வாசனையாக வந்து நிற்கும். 21 டிகிரிக்கு ஏற்றிவிட்டு ஒரு வாரம் தொடாமல் விடுகிறேன்.

*ஏழாவது வாரம்*

நான்: 1.022, இரண்டு வாரமாக மாறவில்லை. 1.090இலிருந்து இறங்கியது 68 புள்ளி, அதை 0.131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 8.9 சதவீதம். 4.5 லிட்டர் தெளிவாகக் கிடைத்தது. பாட்டிலில் நுரை வர லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, கூடவே ஒரு சிட்டிகை புது ஈஸ்ட்.

மாமா: மறுபடியும் ஈஸ்டா?

சித்தப்பா: இவ்வளவு ஆல்கஹாலில் ஏழு வாரம் கிடந்த ஈஸ்ட் பாட்டிலில் வேலை செய்யுமென்று நம்பக்கூடாது. நுரையே இல்லாத பாட்டில் நடுவர் கைக்குப் போனால் அவ்வளவு உழைப்பும் போச்சு.

நான்: 330 மில்லியில் 13 பாட்டில்.

*போட்டிக்கு மூன்று வாரம் முன்பு*

நான்: ஒன்று திறந்தேன். உலர்ந்த திராட்சை, டாஃபி, பின்னால் கொஞ்சம் ரொட்டி மேலோடு. சூடு நெஞ்சில் தெரிகிறது, தொண்டையில் இல்லை. எந்தப் பிரிவில் பதிவு செய்யட்டும்? 17ஏ பிரிட்டிஷ் ஸ்ட்ராங் ஏலா, 17டி இங்கிலிஷ் பார்லி ஒயினா?

சித்தப்பா: பெயரைப் பார்த்து 17ஏ போட்டுவிடாதே. பிஜேசிபி (பீர் நடுவர்களுக்கான அமைப்பு) 2021 விதியில் அதற்கு ஆல்கஹால் 8 சதவீதம்தான் மேல் வரம்பு. பார்லி ஒயின், பெயரில்தான் ஒயின், அதுவும் பீர்தான், 8 முதல் 12 வரை, தொடக்க அடர்த்தி 1.080 முதல் 1.120. உன்னுடையது அங்கேதான் உட்காரும்.

அக்கா: பழைய ஏல், 17பி?

சித்தப்பா: அதற்கு வருடக்கணக்கில் வைத்த முதிர்ச்சி நாக்கில் தெரிய வேண்டும் அம்மா. இவன் சொல்வதில் அது இல்லை. மொத்த 50 மதிப்பெண்ணில் சுவைக்கு 20, மணத்துக்கு 12. பிரிவு மாறினால் நல்ல ஏலும் அந்த 32இல்தான் அடி வாங்கும்.

நான்: 17டி. பதிவு செய்துவிட்டேன். பாட்டில்களை நிற்க வைத்துத்தான் பெட்டி கட்டுகிறேன், வண்டல் கலங்காமல் போகட்டும்.

அக்கா: எங்களுக்கு?

நான்: உனக்கு மூன்று அக்கா, சித்தப்பாவுக்கு இரண்டு, மாமாவுக்கு ஒன்று. 13 டிகிரியில் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் மணமே தெரியாது.