புதுப்பிப்பு: மேப்ல காணாம போன ஆந்தை கிடைச்சிடுச்சு

போன மாசம் போட்டிருந்தேன்ல, செம்பனைத் தோட்ட சூழலியல் கட்டுரைங்களை ஸ்கோப்பஸ்ல (ஆய்வுக் கட்டுரைங்களோட தரவுத்தளம்) இருந்து எடுத்து விஓஎஸ்வியூவர்ங்கற சாஃப்ட்வேர்ல கீவேர்ட் மேப் (எந்தெந்த சொல்லு சேர்ந்து வருதுன்னு புள்ளிகளா காட்டுற படம்) போட்டேன், எலி புடிக்கிற கூகை ஆந்தை மட்டும் அதுல இல்லவே இல்லன்னு. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல கம்பத்து மேல ஆந்தைப் பெட்டி நிக்குது, சின்ன வயசுல இருந்து பாக்குறேன், அதான் மனசு கேக்கல.

தெசாரஸ் ஃபைல் (ஒரே விஷயத்தோட வேற வேற பேருங்கள ஒரே பேரா மாத்தச் சொல்ற லிஸ்ட்) போட்டியாப்பான்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. அதேதான் பிரச்சனை! ரொம்ப நன்றிக்கா. ஒரே ஆந்தைய ஒருத்தர் பார்ன் அவுல்ங்கறாங்க, ஒருத்தர் டைட்டோ ஆல்பா, இப்ப டைட்டோ ஜவானிகான்னு வேற எழுதுறாங்க, சாஃப்ட்வேருக்கு மூணும் வேற வேற சொல்லு, தனித்தனியா எண்ணும்போது எதுவும் 5 தடவைய எட்டல (மேப்ல வர டிஃபால்ட்டா வேண்டிய குறைஞ்ச அளவே அதான்), அதனால மூணையும் தூக்கிடுச்சு. ஒரே பேருக்கு மாத்தி திரும்ப ஓட்டுனேன், எலிக்குப் பக்கத்துலயே வந்து உக்காந்துடுச்சு, அவ்ளோ சந்தோஷம்.

மேப்ல ஒரு சொல்லோட புள்ளி பெருசா இருந்தா அத அடிக்கடி எழுதுறாங்கன்னுதான் அர்த்தம், முக்கியம்னு இல்ல, இத முன்னாடி தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க.

அடுத்து மேப்ல தேடப்போறது, 1981ல கேமரூன்ல இருந்து மலேசியாவுக்கு கொண்டாந்து விட்ட, செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கிற வண்டு. அதோட வேற பேருங்க தெரிஞ்சவங்க சொல்லுங்க.