தட்டைப் பாதம் என்று சொல்லிவிட்டார்கள்: எந்த ஓட்டக் காலணியை வாங்குவது?

அல்சூர்_வாசி:

அனைவருக்கும் வணக்கம். காலையில் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் வேகநடை போய்க்கொண்டிருந்த நான், சில மாதங்களாக மெதுவாக ஓடத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த முறை நம் ஊரில் உலக 10 கி.மீ. ஓட்டம் நடக்கும்போது இடையில் நடக்காமல் முழுத் தொலைவையும் ஓடி முடிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இப்போது அணிவது உடற்பயிற்சிக்கூடத்துக்காக வாங்கிய ஷூ. அதைப் போட்டுக்கொண்டு 4 கி.மீ. தாண்டினால், சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போகின்றன.

புதிய ஜோடி வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். டிரெட்மில்லில் ஓடவைத்துக் காணொளி எடுத்துப் பார்த்தவர்கள், எனக்குத் தட்டைப் பாதம் என்றும், ஓடும்போது கால் உட்புறமாகச் சாய்கிறது என்றும் சொல்லி, அந்தச் சாய்வைத் தடுக்கும் வகையைச் சேர்ந்த, 14,000 ரூபாய் விலையுள்ள ஒரு ஷூவைக் காட்டினார்கள். அது உள்ளங்காலின் நடுவே மேடாக உறுத்தியதால் வாங்காமல் திரும்பிவிட்டேன். எனக்கு முழங்கால் வலியோ கணுக்கால் வலியோ இல்லை. உறுத்தினாலும் அதைத்தான் அணிய வேண்டுமா? அடிப்பகுதிக்குள் கார்பன் தகடு வைத்த ஷூ நல்லது என்கிறாள் என் தோழி. அதுவும் எனக்குத் தேவையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கப்பன்_பார்க்_காலை:

சகோதரி, உறுத்திய ஷூவை வாங்காமல் வந்தது மிகச் சரியான முடிவு. பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூவின் வகையைத் தீர்மானிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாகக் கடைகளில் இருந்துவருகிறது. ஆனால் அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றிலும் பயிற்சிக்கு வந்த புதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாத வளைவுக்கு ஏற்ற ஷூவும் மறு பிரிவுக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூவும் கொடுத்து ஒப்பிட்டபோது, காயங்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வுகள் 2009, 2010 ஆண்டுகளிலேயே வெளிவந்துவிட்டன. ஓட்டத்தின் இயக்கவியலை நெடுங்காலம் ஆராய்ந்த பென்னோ நிக் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும், காலுக்கு எது வசதியாகப் படுகிறதோ அதையே தேர்ந்தெடுக்கலாம் என்று 2015இல் எழுதினார்கள்.

உங்கள் கேள்வியில் நான் முதன்மையாகப் பார்ப்பது விரல்கள் மரத்துப்போவதைத்தான். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனால், முன்பாதத்தில் ஷூவின் அகலம் போதவில்லை என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து பார்த்தபோது, இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்று தெரிந்தது. நமக்கு விற்கப்படும் ஓட்டக் காலணிகளோ பெரும்பாலும் வெளிநாட்டு அச்சில் வார்க்கப்பட்டவை. அகலம் போதாமல் பலர் ஒரு எண் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அப்படி வாங்கினால் நீளம் மிகுந்து குதிகால் வழுக்குமே தவிர, விரல்களுக்கு வேண்டிய இடம் முழுமையாகக் கிடைக்காது.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். பல நிறுவனங்களின் அளவுமுறையில் பெண்களுக்கான வழக்கமான அகலம் 'பி'; ஆண்களுக்கு அது 'டி'. பெண்களுக்கான அகலப் பதிப்புகளும் தயாராகின்றன என்றாலும், அவை நம் ஊர்க் கடைகளில் அரிதாகவே வைக்கப்படுகின்றன. ஆகவே, அதே மாதிரியின் ஆண்கள் பதிப்பைத் தயங்காமல் கேட்டுப் போட்டுப் பாருங்கள். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஷூவின் நாக்குப் பகுதியில் தைத்திருக்கும் துணியில் சென்டிமீட்டர் அளவும் அச்சிட்டிருக்கும், அதைக் கொண்டு ஒப்பிடுங்கள்.

கடைக்கு மாலையில் போங்கள், ஏனெனில் நாள் முழுவதும் நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்குகிறது. ஓடும்போது அணியும் சாக்ஸையே கொண்டுபோங்கள். ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, முழு எடையையும் ஊன்றி அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரலோ அதன் அடிப்பகுதியோ விளிம்பைத் தாண்டி வெளியே தெரிந்தால், அந்த ஷூ எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கானதன்று. நீளத்தைப் பொறுத்தவரை, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்கு இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளமாகவும், ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகவும் இருக்கும். பெரிய பாதத்துக்கே அளவு பாருங்கள்.

ஜெயநகர்_பிசியோ:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனாலும், சாய்வைத் தடுக்கும் ஷூவே வேண்டாம் என்று யாரும் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். லக்சம்பர்க்கில் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பாதம் உட்புறமாகச் சாயும் ஓட்டக்காரர்களுக்கு அத்தகைய ஷூவால் காயம் குறைந்தது. எனவே, கணுக்காலின் உட்புறத்திலோ முன்னங்கால் எலும்பின் உள்ளோரத்திலோ ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கு அதை முயன்று பார்க்க நானே பரிந்துரைப்பது உண்டு. தங்களுக்கு வலி ஏதும் இல்லை என்கிறீர்கள், ஷூவும் உறுத்துகிறது. இந்த நிலையில் அதைத் திணித்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. ஓடும்போது பாதம் ஓரளவு உட்புறமாகச் சாய்வது இயல்பானதே. தரையில் மோதும் விசையைக் கால் ஏற்றுக்கொள்ளும் முறை அது.

கடையில் யாரும் சொல்லாத இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். குதிகாலுக்கு அடியில் உள்ள தடிமனுக்கும் முன்பாதத்துக்கு அடியில் உள்ள தடிமனுக்கும் இடையிலான வேறுபாடு, பல ஷூக்களில் 8 முதல் 12 மி.மீ. வரை இருக்கும்; சிலவற்றில் 4 மி.மீ. மட்டுமே, வேறு சிலவற்றில் சுழியம். இப்போதைய ஷூவில் அது எவ்வளவு என்று பார்த்து, அதற்கு நெருக்கமானதையே வாங்குங்கள். உயர்ந்த குதிகாலிலிருந்து திடீரென்று தட்டையான ஷூவுக்கு மாறினால், கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். அகலமான ஷூவுக்கு மாறிய பிறகும் மரத்துப்போவது நீடித்தால், அல்லது ஓடாத நேரத்திலும் அப்படி இருந்தால், மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லால்பாக்_சுற்று:

கார்பன் தகட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: இப்போது வேண்டாம். அவை பந்தய வேகத்துக்காக உருவாக்கப்பட்டவை. விலை மிக அதிகம், மெத்தென்ற நுரையோ விரைவில் தளர்ந்துவிடும், மெதுவாக ஓடும்போதும் வளைவில் திரும்பும்போதும் உயரமான அடிப்பகுதி பலருக்குத் தடுமாற்றம் தருகிறது.

நம் ஊரில் அதைவிட முக்கியமானது ஷூவின் அடிப்பகுதி ரப்பர். கப்பன் பூங்காவின் தார்ச்சாலை, அதன் ஓரத்து மண்பாதை, நடைபாதைக் கல்பலகை என்று ஒரே காலையில் மூன்று வகைத் தரையில் ஓடுகிறோம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் சேர்ந்துகொள்கிறது. லால்பாக்கின் பாறைக்குன்று நனைந்திருந்தால் நல்ல ஷூ கூட வழுக்கும். நுரையே நேராகத் தரையில் படும் மாதிரிகளைத் தவிர்த்து, குதிகாலிலும் முன்பாதத்திலும் ரப்பர் ஒட்டியிருப்பதாகப் பாருங்கள். நனைந்த ஷூவை வெயிலில் காயவைக்காமல், இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் உலர்த்துங்கள். சூடு பட்டால் பசையும் நுரையும் கெடும்.

பொதுவாக ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். புதிய பதிப்பு வந்ததும் முந்தைய பதிப்பின் விலை நன்றாகக் குறைந்துவிடும், தரத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. நான் எப்போதும் அப்படித்தான் வாங்குகிறேன்.

அல்சூர்_வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை வேறொரு கடைக்குப் போய் இன்சோலின்மேல் நின்று பார்த்தேன். இதுவரை நான் அணிந்துவந்த அளவில் சுண்டுவிரல் முழுவதும் விளிம்புக்கு வெளியே இருந்தது. சாய்வைத் தடுக்காத சாதாரண வகையில், முந்தைய ஆண்டின் மாதிரி ஒன்றின் ஆண்கள் பதிப்பு, விரல்களைத் தாராளமாக விரிக்க இடம் கொடுத்தது. ஒரே ஒரு ஐயம்: முன்பகுதி சரியாக இருக்கிறது, ஆனால் குதிகால் சிறிதளவு மேலெழும்புகிறது. அதற்காகக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பாதத்தின் மேற்புறம் அழுத்துகிறது. வாங்கலாமா?

கப்பன்_பார்க்_காலை:

வாங்குவதற்கு முன் ஒரு முறை கயிற்றை மாற்றிக் கட்டிப் பாருங்கள். ஷூவின் மேல்விளிம்பில், கணுக்காலுக்கு அருகே, பெரும்பாலோர் பயன்படுத்தாத கூடுதல் துளை ஒன்று இரு பக்கமும் இருக்கும். கயிற்றை அதே பக்கத்துத் துளைக்குள் நுழைத்துச் சிறு வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்கத்துக் கயிற்றின் நுனியை அந்த வளையத்தின் வழியே இழுத்து முடிச்சிடுங்கள். குதிகால் பின்னோக்கி இறுகும். விரல் பக்கத்துக் கயிற்றைத் தளர்வாகவே விட்டுவிடலாம். அதன் பிறகும் கடைக்குள் நாலைந்து முறை ஓடிப் பார்க்கையில் குதிகால் மேலெழும்பினால், அரை எண் குறைத்துக் கேளுங்கள். பொருந்தினால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதல் சில நாள்கள் வீட்டுக்குள்ளேயே அணிந்து நடந்து பாருங்கள். தெருவில் ஓடி அடிப்பகுதியில் அழுக்குப் படிந்துவிட்டால் பல கடைகளில் மாற்றித் தர மாட்டார்கள்.