உரக்குழியைக் காணுமுன்பே சிதையும் பி.எல்.ஏ.: ஆலை அனுபவங்கள்

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் உணவுக் கரண்டிகள் வார்க்கும் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றியபோது கண்டதைப் பகிர்கிறேன். பி.எல்.ஏ. எனப்படும் பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பிளாஸ்டிக்கில் காலையில் வார்த்த கரண்டிகள் உறுதியாக இருந்தன. பிற்பகலில் வந்தவை லேசாக வளைத்தாலே முறிந்தன. எல்லாரும் வெப்பத்தைச் சந்தேகித்தார்கள். ஆனால் 200 டிகிரி செல்சியசை ஒட்டிய அமைப்பு மாறவே இல்லை. உலர்த்திய பிளாஸ்டிக் மணிகள், அவற்றை இயந்திரத்துக்கு ஊட்டும் மூடியில்லாத ஹாப்பரில் நம் ஊர் ஈரக் காற்றுபட்டுக் காத்திருந்த நேரம்தான் கூடியிருந்தது.

பி.எல்.ஏ.வின் மூலக்கூறுச் சங்கிலியைக் கோத்து வைத்திருப்பவை எஸ்டர் பிணைப்புகள். அறை வெப்பத்தில் நீர் அவற்றை மிக மெதுவாகவே அறுக்கும். உருகிய நிலையிலோ, வார்ப்பு இயந்திரத்தின் சூடான உருளையான பேரலுக்குள் சில நிமிடங்களே போதும். அறுந்த முனைகளில் தோன்றும் அமிலம் அடுத்த அறுப்பையும் விரைவுபடுத்துகிறது. ஆகவே ஈரம் பத்து லட்சத்தில் 250 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். மூலக்கூறு எடை குறைந்ததும் உருகு, அதாவது உருகிய பிளாஸ்டிக், நீர்த்து, அச்சின் ஓரங்களில் பிசிறு தட்டும். அதுவே கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம். பெட் (PET) பிளாஸ்டிக் போத்தல் தொழிலில் இருந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி.

படிகமாக்கிய மணிகளை 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தலாம். அச்சுக்கு உருகு செல்லும் வழியில் உறைந்துபோன ரன்னர் துண்டுகளை அரைத்து அப்படியே அதே உலர்த்தியில் போட்டால், விரைவாகக் குளிர்ந்ததால் படிகமாகாத அவை 60 டிகிரி அளவிலேயே இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். முதலில் அவற்றைக் கிளறிக்கொண்டே சூடாக்கிப் படிகமாக்க வேண்டும்.

“எப்படியும் மக்கப்போவதுதானே” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சிங்கப்பூரின் பொதுக் குப்பை பெரும்பாலும் எரியாலைக்கே போகிறது. கைக்கு வரும் கரண்டி உடையாமல் உழைப்பதுதான் இங்கே முதல் தேவை.

மறுமொழி:

ஐயா, தங்கள் பதிவோடு பி.எச்.பி. என்ற மற்றொரு மக்கும் பிளாஸ்டிக் பற்றிய என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். அதை எவ்வளவு உலர்த்தினாலும் ஆபத்து நீங்குவதில்லை. ஏறத்தாழ 175 டிகிரியில் உருகும் அப்பொருள், அதற்குச் சற்று மேலேயே வெப்பத்தால் தானாகவே அறுந்து, குரோட்டானிக் அமில முனைகளைத் தருகிறது. சிறிய பொருளைப் பெரிய இயந்திரத்தில் வார்த்தால் உருகு பேரலில் நெடுநேரம் தங்கும். பேரலுக்குள் உருகைத் தள்ளும் ஸ்குரூவை வேகமாகச் சுழற்றினால் உராய்வே வெப்பத்தைக் கூட்டும். நாங்கள் சிறிய இயந்திரத்துக்கு மாறி, ஸ்குரூ வேகத்தையும் குறைத்த பின்னரே பழுப்பு நிறம் மறைந்தது. வார்ப்பதற்கு முன்னும் பின்னும், உருகு எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைக் காட்டும் உருகு ஓட்ட எண்ணை அளந்து ஒப்பிட்டால், எவ்வளவு சிதைந்தது என்பது அன்றே தெரிந்துவிடும்.