பழைய வீடு வாங்குமுன் சர்வே பார்க்கணுமா? (மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம்)

கித்தாமரம்:
பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதி) ஒற்றை மாடி வரிசை வீடு, நடு வீடு. பின்னால் சமையலறையை நீட்டியிருக்கிறார்கள். பேங்க் ஆள் வந்து பார்ப்பார், அது போதும் என்கிறார் ஏஜென்ட். தனியாகக் காசு கொடுத்துப் பார்க்கணுமா?

நாலாம்_லயம்:
பேங்க் அனுப்புவது வேலுவர், தம்பி. வீடு என்ன விலைக்குப் போகும், கடனுக்கு அது ஈடாகுமா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. சீலிங்குக்கு மேல் ஏறமாட்டார். ரிப்போர்ட்டும் பேங்குக்காக எழுதுவது. புது வீட்டில் சாவி கொடுத்து 24 மாதத்துக்குள் தெரியும் குறையை டெவலப்பர் சரிசெய்து தரணும். பழைய வீட்டுக்கு அது கிடையாது. எஸ்.பி.ஏ. என்கிற விற்பனை ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். பிறகு ஒழுகினால் வாங்கியவர் தலையில்தான்.

மட்டப்பலகை:
நீட்டிய சமையலறையை முதலில் பாருங்க. வீடு ஒரு அடித்தளத்தில் நிற்கும், நீட்டிய பகுதி பல இடங்களில் நிரப்பிய மண்மேல் போட்ட ஸ்லாப்பில் நிற்கும். ரெண்டும் ஒரே அளவு இறங்காது. அதனால் இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு பிளவு விழும். சிமெண்ட் பூசினாலும் திரும்ப வரும், ஆனால் அதற்காக வீடு விழப்போகிறது என்று அர்த்தமில்லை. பயப்பட வேண்டியது கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற பிளவுக்கும், செங்கல் இடுக்கில் படிக்கட்டு மாதிரி ஏறுகிற பிளவுக்கும். தலைமயிர் அளவென்றால் பெரும்பாலும் பூச்சு காய்ந்த கோடு. 5 மில்லிமீட்டரைத் தாண்டி, ஒரு முனை அகலமாக இருந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுசு என்றால் ஏன் என்று கேட்கணும்.

மழை பெய்த மறுநாள் போங்க (நம்ம பக்கம் ரொம்பக் காத்திருக்க வேண்டியதில்லை). சீலிங்கில் தேத்தண்ணி நிறக் கறை தெரியும். மேலே டார்ச் அடித்துக் கூரை மரத்தைப் பாருங்க. கறையானின் மண்குழாய் பென்சில் தடிமனில் ஓடும். கதவு நிலையின் அடியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால், அரித்துக் கூடாகிப்போன மரம் சத்தத்திலேயே தெரியும். எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரைப் பாருங்க. அப்போதும் சுற்றினால் எங்கேயோ கசிகிறது. மின்பெட்டியில் ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவில் கரண்டை வெட்டும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்துங்க, சுவிட்ச் விழவில்லை என்றால் வயர்மேன் வரணும். நெளிக்கூரை அஸ்பெஸ்டாஸாக இருந்தால் துளை போடாதீங்க, உடைக்காதீங்க. மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்க.

எல்லைக்கல்:
சர்வே என்ற பெயரில் ரெண்டு வேலை இருக்கு. மேலே சொன்னது கட்டடம். நிலம் அளப்பது வேறு. தாமான் நடு வீட்டுக்கு அது வீண் செலவு.

தோட்டத்து ஓரத்துத் தனி வீடு என்றால் கதை மாறும். கிராண்டை (நில உரிமைப் பத்திரம்) எடுத்துப் பாருங்க. லோட் நம்பர் இருந்தால் இறுதி அளவை முடிந்துவிட்டது. பி.டி. நம்பரும் எச்.எஸ்.(டி) அல்லது எச்.எஸ்.(எம்) என்றும் இருந்தால் அது இறுதி அளவைக்கு முந்தின தற்காலிக கிராண்ட். எல்லையும் பரப்பும் பிறகு மாறலாம். வேலி நிற்கும் இடம் எல்லை ஆகாது. லைசென்ஸ் உள்ள நில அளவையாளர் வந்து கல்லைத் தேடிக் காட்டணும். ஒரே கிராண்டில் பத்துப் பேர் பங்கு வைத்திருக்கும் தோட்ட நிலத்துக்கு லோன் கிடைப்பதே கஷ்டம்.

நடு வீடோ தனி வீடோ, நில அலுவலகத்தில் ‘சாரியான்’ (நிலப் பதிவு விவரத் தாள்) எடுக்காமல் இருக்காதீங்க. கவியட் (கைமாற்றாமல் இருக்கப் போட்ட தடை), ‘செக்காத்தான்’ (கிராண்டில் உள்ள கட்டுப்பாடு), மலாய் ரிசர்வ் (மலாய்க்காரருக்கு ஒதுக்கிய நிலம்), நிலவகை ‘பங்குனானா’ (கட்டடம்) ‘பெர்த்தானியானா’ (விவசாயம்) எல்லாம் அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

கித்தாமரம்:
கட்டடம் பார்க்கிற ஆளை எப்போது கூப்பிடணும்?

நாலாம்_லயம்:
புக்கிங் காசு கொடுக்குமுன். வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு கேட்பார்கள், எஸ்.பி.ஏ. கையெழுத்தில் 10 ஆக நிறையும். நாம் பின்வாங்கினால் முதல் காசு போய்விடும். அவசரப்படுத்தினால் ‘ரிப்போர்ட் திருப்தியில்லை என்றால் முழுக் காசும் திரும்ப’ என்று ஆஃபர் லெட்டரில் எழுதச் சொல்லுங்க.

மட்டப்பலகை:
வருகிறவர் ரிப்பேர் கொன்ட்ரக்டும் எடுப்பவரா என்று கேட்டுக்கொள்ளுங்க. எடுப்பவர் என்றால் குறைப் பட்டியல் நீளும். டைல் தட்டி ஸ்டிக்கர் ஒட்டுவது புது வீட்டு வேலை, இங்கே அதற்குக் காசு கொடுக்காதீங்க. படம், பிளவின் அகலம், காரணம், திருத்தும் வழி இவ்வளவும் ரிப்போர்ட்டில் வரணும். நீட்டிய பகுதிக்குக் கவுன்சில் அனுமதித்த பிளான் இருக்கா என்று விற்பவரிடம் கேளுங்க. இருந்தால் நகலைக் கட்டடம் பார்க்க வருகிறவர் கையில் கொடுங்க; பிளானில் இல்லாத சுவர் எது, இருந்து இடித்த சுவர் எது என்று அங்கேயே காட்டிவிடுவார்.