2019 ஜனாதிபதித் தேர்தலில் ஐ.தே.க. (ஐக்கிய தேசியக் கட்சி) சஜித் பிரேமதாசவை நிறுத்தியது சரியான தெரிவா?

வெள்ளவத்தை_பையன்:
2019 ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது எனக்கு வாக்கு இல்லை, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். 2024இல்தான் முதல் தடவை போட்டேன். அதில் சஜித்துக்கு 32.76 வீதம், ரணிலுக்கு 17.27 வீதம். கூட்டினால் 50ஐத் தாண்டுகிறது. வென்ற அநுரவுக்கு 42.31தான். ஐ.தே.க. என்ற ஒரே வீட்டில் இருந்தவர்கள் இப்படிப் பிரிந்து நின்றதற்கு 2019 வேட்பாளர் சண்டைதான் காரணம் என்று அப்பா சொல்கிறார். அப்போது சஜித்தான் வெல்லக்கூடிய ஆள் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? ரணிலோ, சபாநாயகராக இருந்த கரு ஜயசூரியவோ நின்றிருந்தால் வேறு மாதிரிப் போயிருக்குமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, அந்த நேரம் வீடு வீடாகப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன். ரணில் 1999இல் சந்திரிகாவிடம் தோற்றார், 2005இல் மஹிந்தவிடம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் சொச்சம் வாக்கில் தோற்றார். அதற்குப் பிறகு இரண்டு தடவை கட்சி வெளியாளைத்தான் நிறுத்தியது. 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால. ஒருவர் தோற்றார், மற்றவர் வென்று கடைசியில் 2018இல் ரணிலையே பிரதமர் பதவியிலிருந்து தூக்கினார். ஆகவே அடிமட்டத்தில் இருந்தவர்களுக்கு 2019இல் ஒரே பசிதான்: இந்த முறை நம்முடைய ஆள் நிற்கவேண்டும்.

அந்தப் பசிக்கு மேல் வந்தது கணக்கு. கொழும்பு, முஸ்லிம்கள், மலையகம், வடக்கு கிழக்கு எல்லாம் யார் நின்றாலும் நமக்குத்தான், தெற்கில் சிங்களக் கிராமங்களை உடைக்கக்கூடியவர் யார்? சஜித். அம்பாந்தோட்டையில் அரசியல் செய்தவர், வீடமைப்பு அமைச்சராக ஊர் ஊராக வீடு கட்டிக் கொடுத்தவர், முன்னாள் ஜனாதிபதி பிரேமதாசவின் மகன். காகிதத்தில் பார்த்தால் பிழையே சொல்லமுடியாது.

நடந்ததைப் பார். அம்பாந்தோட்டையில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்து நின்ற கோட்டாபயவுக்குப் போனது. கொழும்பு மாவட்டமும் போனது. சஜித் வென்றது யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல, நுவரெலியா, அவ்வளவுதான். எந்த இடத்துக்காக அவரைத் தெரிவு செய்தார்களோ அங்கே எடுபடவில்லை, யார் நின்றாலும் விழும் என்று எண்ணிய இடத்தில் வாக்கு அள்ளிக்கொண்டு வந்தது.

என்னைக் கேட்டால் ஆளைவிட நாள்தான் பெரிய பிழை. மொட்டுக்காரர், அதாவது ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன, ஓகஸ்ட் 11ஆம் திகதியே கோட்டாபயவை அறிவித்துவிட்டார்கள். நம்மவர்கள் பதுளையில் ஒரு கூட்டம், மாத்தறையில் ஒரு கூட்டம் என்று சொந்தத் தலைமைக்கே பலம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கட்சித் தலைமையகமான சிறிகொத்தாவில் செயற்குழு சஜித்தை ஏற்றுக்கொண்டது செப்டெம்பர் 26. வேட்புமனு ஒக்டோபர் 7. அதற்குள் மற்றப் பக்கம் பாதி நாட்டைச் சுற்றி முடித்துவிட்டது. பிரசாரம் தொடங்கிய பிறகாவது ஓய்ந்தார்களா? வென்றால் யார் பிரதமர் என்று அடுத்த இழுபறி.

போதாததற்குச் சின்னம். கட்சியின் யானை இல்லை, அன்னம். 35 வேட்பாளர், வாக்குச்சீட்டு இரண்டடியைத் தாண்டும். எங்கள் தோட்டத்து ஆச்சி ஒருவரின் வீட்டில் மாதிரிச் சீட்டை விரித்தேன், கட்டிலில் பாதி மூடிவிட்டது. மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “யானையைக் காணோமே, தம்பி நீ எந்தக் கட்சி?” என்றார். வாழ்நாள் பூராவும் யானைக்குப் புள்ளடி போட்டவர் அவர்.

1988இலும் யார் வேட்பாளர் என்று லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க, பிரேமதாச மூன்று பேருக்குள் போட்டிதான். அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். நேரத்தோடு பிரேமதாசவைக் காட்டினார், மற்ற இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார்கள், 50.43 வீதத்தில் தப்பினார்கள். 1991இல் அதே இருவரும் பிரேமதாசவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை கொண்டுவந்தது வேறு கதை.

ஹட்டன்_டீச்சர்:
அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி. தேர்தலுக்கு ஏறக்குறைய ஏழு மாதத்துக்கு முன் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. அதற்கு முதல் மத்திய வங்கிப் பிணைமுறி மோசடி விவகாரம். இரண்டின்போதும் பிரதமர் ரணில். அவரே நின்றிருந்தால் சஜித்தின் 41.99 வீதத்தை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. கரு ஐயா மரியாதையான மனிதர்தான், ஆனால் கிராமத்தில் அவர் பெயரைச் சொல்லி யார் கூட்டத்துக்கு வருவார்? வித்தியாசம் பதின்மூன்று இலட்சத்து அறுபதாயிரம் வாக்கு. பயந்துபோன நாட்டில் பாதுகாப்பு என்று ஒருவர் வந்து நின்ற பிறகு, அரசாங்கத்துக்குள் இருந்து எவர் போனாலும் தோல்விதான்.

பெண்களுக்கு சானிட்டரி நாப்கின் இலவசம் என்று சஜித் சொன்னபோது ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மானிப்பாய்_மாமா:
நீங்கள் தெற்கை எண்ணுகிறீர்கள். எங்களை யார் கேட்டது? 2005இல் புலிகளின் புறக்கணிப்பால் யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை, அதில் ரணில் விழுந்தார். 2010இல் யுத்தம் செய்த தளபதி பொன்சேகாவுக்கே எங்கள் சனம் போட்டது, மஹிந்த வரக்கூடாது என்று. 2019இல் ஐந்து தமிழ்க் கட்சிகள் சேர்ந்து 13 கோரிக்கை எழுதின, பெரிய வேட்பாளர் எவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. அப்படியிருந்தும் 80 வீதத்துக்கு மேல் சஜித்துக்கு. சிறிகொத்தாவுக்கு எங்கள் வாக்கு நிலையான வைப்பு, தம்பி. வட்டி கேட்கமாட்டோம் என்று தெரியும். தெற்கில் எடுபடுகிற ஆளைத்தான் வெல்லக்கூடியவர் என்பார்கள். கட்சி அங்கத்தவனுக்கே அந்தத் தெரிவில் வாக்கு இல்லை, எனக்கு எங்கே?

வெள்ளவத்தை_பையன்:
நன்றி எல்லோருக்கும். மாமா சொன்னதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், பதில் இல்லை. இன்னொரு சந்தேகம். நம் சீட்டில் 1, 2, 3 என்று விருப்பம் போடலாம்தானே? சண்டை பிடிக்காமல் இரண்டு பேரையும் நிற்கவிட்டு, ஒருவருக்கு 1, மற்றவருக்கு 2 போடச் சொல்லியிருந்தால்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
சட்டத்தில் இடம் உண்டு. எவரும் பாதியைத் தாண்டாததால், 2, 3 விருப்பங்களை எண்ணும் இரண்டாவது எண்ணிக்கை 2024இல்தான் முதல் முறையாக நடந்தது. ரணிலின் வாக்கு மட்டும் 23 இலட்சம் அளவில். மூன்றாம் இடம் முதல் கடைசி இடம் வரை எல்லாச் சீட்டையும் புரட்டியும் சஜித்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு இலட்சத்து 68 ஆயிரம் அளவில்தான். சனம் 2 போடுவதே இல்லை. எங்கள் ஒழுங்கையில் விசாரித்தேன், ஒரு வீட்டில்கூட இல்லை. போட்டால் சீட்டுச் செல்லாமல் போய்விடும் என்று ஒரு பயம், ஒற்றைப் புள்ளடியோடு மடித்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அதைப் பழக்க ஒரு தேர்தல் போதாது. அதோடு, ரணிலின் மேடையில் ஏறி “இரண்டாவதைச் சஜித்துக்குப் போடுங்கள்” என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?