அளவு ரவிக்கை உண்டு, அளவு செருப்பு உண்டா?

பாளை டெய்லர்:

பாளையங்கோட்டையில் 22 வருஷமாக லேடீஸ் டெய்லர் நான். ஷூவுக்கு அட்டை (தோலை வெட்ட வைக்கிற மாதிரி அட்டை, பேட்டர்ன்) வெட்டப் படித்த கதையை எழுதச் சொல்லி இங்கே ரெண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு டீச்சரால் வந்தது. வருஷா வருஷம் என்னிடம்தான் ரவிக்கை தைப்பார்கள். சின்ன வயதில் போலியோ வந்ததில் வலது கால் சூம்பிவிட்டது. இடது காலைவிட ரெண்டு சைஸ் சின்னது, உயரமும் 2 செ.மீ. குறைவு. கடையில் ஷூ வாங்கினால் ரெண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தூரப் போடவேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக் கூட்டத்தில் நின்றுகொண்டு, "தோளுக்குத் தோள் வித்தியாசம் பாத்துத் தைக்கியளே அண்ணாச்சி, காலுக்குக் கால் வித்தியாசம் பாத்து ஒண்ணு தைச்சுத் தர மாட்டியளா?" என்று கேட்டார்கள். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரவுன் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

துணி தைக்கிற புத்தி என்ன செய்யும்? உடம்பளவுக்கு மேல் கொஞ்சம் தளர்வு விடும். நானும் அரை இஞ்ச் விட்டு, பழைய சோபா ரெக்சினில் வெட்டித் தைத்தேன். தலையணை உறைக்குள் காலை விட்டதுபோல இருந்தது. ஷூவின் மேல் பாகம், தொழிலில் அப்பர் என்பார்கள், அது காலின் மேல் விழுந்து கிடக்கிற துணி இல்லை. பாதத்தின் வடிவத்தில் இருக்கிற அச்சுக் கட்டையின் மேல் இழுத்து, அடியில் மடக்கி ஒட்டி, கட்டையின் உருவத்தையே பிடித்துக்கொள்கிற தோல். தளர்வெல்லாம் கட்டையிலேயே இருக்கிறது. அட்டையில் தனியாக விட்டால் சுருக்கம்தான் மிஞ்சும். இது எனக்குப் புரிய நாலு மாசம் ஆனது.

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பெரியவர் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். என் ரெக்சின் ஷூவைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அளவு யாரு எடுத்தா?"

"டீச்சரே பேப்பர்ல காலை வச்சு வரைஞ்சு குடுத்தாங்க."

"நின்னா, உக்காந்தா?"

தெரியவில்லை. உட்கார்ந்தால் பாதம் சுருங்கியிருக்கும், எழுந்து பாரம் போட்டால் அகலும். பென்சிலைச் சாய்த்துப் பிடித்தால் கோடு பாதத்துக்கு அடியில் புகுந்துவிடும். ரெண்டையும் சொல்லிவிட்டு, "நீங்க காலைத் தொட்டுப் பாத்தியளா?" என்றார். இல்லை என்றேன். "உங்களுக்கு அளவு ரவிக்கைன்னு ஒண்ணு வந்துரும். அதை மேசைல விரிச்சுப் போட்டு அளந்துக்கிடலாம், ஆளைத் தொட வேண்டாம். இதுக்கு அப்படி இல்ல. தொட மாட்டேம்னா இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் எத்தனை தலைமுறை இருந்தது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். நான் அங்கே போய் உட்கார ஆரம்பித்த பிறகு, ஒரு வீட்டம்மா தைக்கக் கொடுத்த துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரியவர் அடுத்துக் கேட்டது டீச்சரின் பழைய செருப்பை. கொண்டுவந்து கொடுத்தேன். இடது செருப்பில் குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது, பெருவிரலுக்கு அடியில் நல்ல குழி. வலது செருப்பில் குதிகால் தடமே இல்லை. "முன்னங்காலாலதான் நடக்காவ. குதி தரையில படுறதே இல்ல. குதிக்கு அடியில உயரம் கொடுத்துத் தூக்கணும்" என்றார். பத்து வருஷமாக என் கடைக்கு நடந்து வருகிறவர்கள். நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

இனி அட்டை. அவர் டேப் முறையைத்தான் சொல்லிக் கொடுத்தார். கட்டை மேல் பேப்பர் டேப்பை, பெயிண்டர்கள் ஒட்டுகிற அதே டேப்பை, முதலில் குறுக்காக ஒரு சுற்று, அதன் மேல் நெடுக்காக ஒரு சுற்று ஒட்டவேண்டும். முன்பக்கம் விரல் நுனியிலிருந்து மேல்வரை நடுக்கோடு, பின்பக்கம் குதியில் ஒரு நடுக்கோடு. ஷூ எப்படி வேண்டுமோ அதை டேப் மேலேயே வரையவேண்டும். பிறகு கோட்டோடு கத்தியை ஓட்டி, உள்பக்கம் வெளிப்பக்கம் என்று ரெண்டு ஓடாகப் பிரித்தெடுத்து அட்டையில் படிய ஒட்டவேண்டும். அங்கேதான் விளையாட்டு. சாத்துக்குடித் தோலை முழுசாக உரித்துத் தரையில் அழுத்திப் பாருங்கள், ஓரம் கிழியும் அல்லது நடு எழும்பும். விரல்பக்கம் அப்படித்தான். ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்துப் படியவைக்கவேண்டும். நான் கையால் நீவி நீவிப் படியவைத்தேன். டேப் நீண்டுவிட்டது. அந்த அட்டையில் வந்த ஷூ கட்டையைவிடப் பெரிதாக இருந்தது.

உரித்த ரெண்டு டேப் ஓடுகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் பொருந்தாது. உள்பக்கம் குழிவு, வெளிப்பக்கம் வேறு வளைவு. மேல்பாகத்துக்கு ரெண்டுக்கும் நடுவே ஒரு கோடு எடுத்துக்கொண்டு, அடி ஓரத்தில் மட்டும் வித்தியாசத்தை அப்படியே விடவேண்டும். அதற்குப் பிறகுதான் சேர்மானம்: அடியில் மடக்கி ஒட்ட 15 முதல் 20 மி.மீ., ஒரு துண்டின் மேல் இன்னொன்று ஏறித் தைக்கிற இடத்தில் 8, ஓரம் மடிக்க 5. துணியில் ஒரு இஞ்ச் தையல் உள்ளே விட்டால் நாளைக்குப் பிரித்துப் பெரிதாக்கலாம். தோலில் குத்தின ஓட்டை குத்தினதுதான்.

ஏழாவது ஷூவை டீச்சர் போட்டு நடந்தார்கள். அதற்கு முந்தின ஆறையும் மேசைக்கு அடியில் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

ஆம்பூர் போன நெல்லைக்காரன்:

அண்ணாச்சி, சரியா எழுதியிருக்கீங்க. நான் பேட்டைக்காரன், 14 வருஷமா ஆம்பூர் பக்கம் பேட்டர்ன் வேலை. இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனா எனக்குக் கத்துக்கொடுத்த மாஸ்டரும் டேப்பைத்தான் கையில கொடுத்தார். முதல் நாள் ஒரு லாஸ்ட் (கட்டைன்னு நீங்க சொல்றது), ஒரு டேப் ரோல், ஒரு கத்தி. பேச்சே கிடையாது. சாயங்காலம் வந்து நான் உரிச்ச டேப்பைப் பாத்துட்டு, அப்படியே குப்பையில போட்டுட்டுப் போனார். இப்படி ஒன்பது நாள். பத்தாவது நாள் போடல, அவ்வளவுதான் பாராட்டு.

ஒரு சம்பவம் சொல்றேன். தெரிஞ்ச ஒருத்தர் 5 நம்பர் அட்டையை ஜெராக்ஸ் மிஷின்ல சின்னதாக்கி 3 நம்பர்னு கொண்டுவந்தார். தைச்சும் பாத்துட்டார். அடியில மடக்க இடம் போதல, கயிறு கோக்குற ஓட்டையெல்லாம் நெருங்கிப்போச்சு. இங்கிலீஷ் சைஸ்ல ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்துல மூணில் ஒரு இஞ்ச், அதாவது 8.47 மி.மீ. வித்தியாசம். பிரெஞ்சு கணக்குல 6.67 மி.மீ. ஆனா சுற்றளவு அதே விகிதத்துல ஏறாது. சேர்மானமோ எந்த நம்பருக்கும் மாறவே மாறாது. ஜெராக்ஸுக்கு இதெல்லாம் எங்க தெரியும்.

கம்பெனி வேலையில ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிடறேன். முழு ஷூவையும் ஒருத்தன் பாக்க மாட்டான். எங்க பக்கத்து மேசைக்காரருக்கு லைனிங் அட்டை மட்டும்தான், ஆறு வருஷமா. உங்களை மாதிரி ஆறு ஷூ கெடுத்துக் கத்துக்க எங்களுக்கு விட மாட்டாங்க. முறையா படிக்கணும்னா சென்னை கிண்டியில மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கு, 1957-ல ஆரம்பிச்சது. நான் அங்க குறுகிய காலப் பயிற்சிதான் எடுத்தேன்.

நம்ம கால் விஷயம் ஒண்ணு. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க காலை முப்பரிமாணத்துல அளந்தாங்க. வெளிநாட்டுக் காலைவிட நம்ம கால் அகலம்னு வந்துச்சு. அதை வச்சு 'பா' னு ஒரு இந்திய சைஸ் கொண்டுவர முயற்சி. நம்ம ஊர்ல செருப்பு வாராலயே பெருவிரல் தனியா விலகி நிக்கும். வெள்ளைக்காரன் லாஸ்ட்ல அட்டை வெட்டிட்டு சுண்டுவிரல் கடிக்குதுன்னு சொன்னா, அட்டையைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

தென்காசி தம்பி:

யூடியூப்ல பாத்து நானும் பண்ணேன். டேப் ஒட்டினது கட்டை மேல இல்ல, என் கால் மேலயே. சாக்ஸ் போட்டு மேல டேப் சுத்தி, என் தம்பி கத்தியால வெட்டினான். காலையும் சேத்து லேசா வெட்டிட்டான். வந்த ஷூ கால் மாதிரியே இருந்துச்சு, ஷூ மாதிரி இல்ல. விரலுக்கு முன்னாடி இடமே இல்ல, நாலடி நடக்க முடியல. லாஸ்ட் இல்லாம ஆகாதுன்னு அப்போ தெரிஞ்சது. லாஸ்ட் எங்க அண்ணாச்சி வாங்குனீங்க?

பாளை டெய்லர்:

அது ஒரு கூத்து தம்பி. அம்பாசமுத்திரத்தில் சொப்பு சாமான் செய்கிற கடைசல்காரரிடம் போனேன். மரத்தில் இவ்வளவு வழவழப்பாகச் செய்கிறவருக்கு ஒரு கால் கட்டை பெரிய வேலையா என்று நினைத்தேன். பாதத்தின் படம், சுற்றளவு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தவர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

தாமிரவருணிக் கரை:

அந்த மாதிரி ஒருத்தர் எங்க மாமா பட்டறைக்கும் வந்தாருல்லா! நீங்கதானோ என்னமோ. கடைசல்ல மரம் சுத்தும், உளி நிக்கும். அதனால எங்க வெட்டினாலும் உருண்டையாத்தான் வரும். குடம் வரும், பம்பரம் வரும், உரல் வரும். கால் எங்கன உருண்டையா இருக்கு? மாமா சொன்னாவ, "யானைக்கு ஷூ தைக்கிறதா இருந்தா சொல்லும், கடைஞ்சு தாரேன்"னு.

ஆம்பூர் போன நெல்லைக்காரன்:

மாமா சொன்னது நியாயம். உருண்டை இல்லாததைக் கடையிறதுக்கு 1819-ல அமெரிக்காவுல தாமஸ் பிளான்சார்டுன்னு ஒருத்தர் துப்பாக்கிக் கட்டைக்காக ஒரு மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு மாதிரியைத் தடவிக்கிட்டே பக்கத்துல அதே மாதிரி செதுக்கும். அப்புறம் அதே வகை மிஷின்ல ஷூ லாஸ்ட்டும் வந்துச்சு. அதுக்கு முன்னால ரொம்ப காலம் இடது வலது வித்தியாசமே இல்லாம ஒரே நேரான கட்டையிலதான் ஷூ பண்ணியிருக்காங்க. போட்டுப் போட்டு அவங்கவங்க காலுக்குப் பழகிக்க வேண்டியதுதான்.

பாளை டெய்லர்:

தம்பிக்குப் பதில்: கடைசியில் சென்னை பெரியமேட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் கட்டை 5 நம்பரும், இன்னொன்று 3 நம்பரும் கிடைத்தன. டீச்சர் கால் அகலத்துக்கு எது குறைந்ததோ அங்கே தோல் துண்டை சொல்யூஷன் போட்டு ஒட்டி, ராவி, திரும்ப அளந்து, திரும்ப ராவி. சாதாரணமாக ஒரு காலுக்கு வெட்டின அட்டையைத் திருப்பிப் போட்டால் மறு காலுக்கு ஆகும். டீச்சருக்கு ரெண்டு கட்டை, ரெண்டு அட்டை.

பெரிய சறுக்கல் ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். வலது காலை 2 செ.மீ. தூக்கவேண்டும். முழுவதும் அடியில் கொடுத்தால் பார்க்க அசிங்கம் என்று, பாதியை ஷூவுக்கு உள்ளே கார்க் வைத்துத் தூக்கினேன். நடந்ததும் குதி கழன்று வந்துவிட்டது. உள்ளே 1 செ.மீ. தூக்கினால் குதி அத்தனை உயரம் மேலே வந்துவிடும், அட்டையில் பின் உயரத்தையும் 1 செ.மீ. கூட்டவேண்டும். சரி என்று சுற்றிலும் கூட்டினேன். இடது ஷூவின் அட்டையோ பழைய கணக்கிலேயே இருந்தது, உள் வெளி ரெண்டு பக்கமும் ஒரே உயரம். அது வெளிக் கணுக்காலைப் போய் உரசியது. வெளிக் கணுக்கால் உள்கணுக்காலைவிடத் தாழ்ந்திருக்கும் என்று எனக்கு 46 வயதில்தான் தெரியும். இப்போதே குனிந்து உங்கள் காலைப் பாருங்கள்.

டீச்சர்:

அந்த வாயாடி நான்தான். அண்ணாச்சி சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

அளவெடுத்த அன்று என் வலது காலை மடியில் வைத்துக்கொண்டார். நான் காலை இழுத்துக்கொண்டேன். எனக்கு 47 வயது. அம்மாவையும் டாக்டர்களையும் தவிர யாரும் அந்தக் காலைத் தொட்டதில்லை. சேலையால் மூடியே பழக்கம். பக்கத்தில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். "தாயி, கால்ல ஒண்ணும் இல்ல, செருப்புலதான் எல்லாம் தப்பு" என்று சொல்லிவிட்டு அவர்பாட்டுக்கு அவர் வேலையைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் காலைக் கொடுத்தேன்.

கயிறு கட்டுகிற டெர்பி ஷூதான் வேண்டும் என்று பெரியவர் முடிவு பண்ணினார். எனக்குப் பட்டை வைத்ததுதான் ஆசை. ஆனால் என் வலது காலில் வலு இல்லை, ஷூவுக்குள் தள்ள முடியாது, விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். டெர்பியில் ரெண்டு பக்கமும் மேலாகத் தைத்திருப்பதால் புத்தகம் மாதிரி விரியும். அதிலும் எனக்கு வாயை விரல்பக்கம் இன்னும் இறக்கி வெட்டினார்கள். உட்கார்ந்துகொண்டு காலை மேலிருந்து உள்ளே வைக்கலாம்.

குறை ஒன்று உண்டு. அளவெடுத்தது எல்லாம் காலை ஏழரை மணிக்கு, பள்ளிக்கூடம் போகிற வழியில். மத்தியானம் ரெண்டு மணி வரை ஷூ சொர்க்கம். நாலு மணிக்கு இடது கால் வீங்கிக் கயிற்றைத் தளர்த்தவேண்டியிருக்கிறது. சாயங்காலம் கால் பெருக்கும் என்று டெய்லருக்குத் தெரியாமல் போனது எப்படி? அடுத்த ஜோடிக்கு நாலரைக்கு வருகிறேன்.

பாளை டெய்லர்:

பெரியவர் சொன்னார் டீச்சர், நான்தான் காலையிலேயே முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். நாலரைக்கே வாங்க. இப்ப போட்டிருக்கிற ஷூவையும் கொண்டாங்க. துடைக்காம, பாலிஷ் போடாம, அப்படியே.